வேலியில் விழுந்த பொட்டு

வன்னியில் ஒருவர் "அவையோட நாங்கள் கோபம்" என்று சொன்னால், அவர் இப்போது கொதித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கக் கூடாது. ஆள் ஆறுதலாகப் பிளேன்ரீ குடித்துக்கொண்டுதான் சொல்லுவார். கதைபேச்சு இல்லை, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை, கோயில் வீதியில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் கோபுரத்தைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். மாமா, மச்சான், சம்பந்தி என்பதுபோல கோபமும் இங்கே ஒரு உறவுமுறை. மூன்று வருஷமும் ஓடும், முப்பது வருஷமும் ஓடும். தொடக்கம் என்ன என்று தோண்டிப் பார்த்தால் மாடு, வேலி, தண்ணி, நெருப்பு, பயிருக்கு அடிக்கிற மருந்து என்ற ஐந்தில் ஒன்றில் போய் நிற்கும்.

இந்த ஐந்தையும் திரும்ப ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மாடு என்றால் மேய்ச்சல் தரை. வேலி என்றால் மரம். தண்ணி என்றால் குளம். நெருப்பு என்றால் வைக்கோலும் பற்றைக்காடும். மருந்து என்றால் காற்றும் கிணறும். எல்லாமே சுற்றுச்சூழல் அலுவல். அதனால்தான் மனம் வைத்து மன்னிப்பதையும் சூழலைப் பேணுவதையும் நான் ஒரே வேலையாக எடுத்து எழுதுகிறேன். வேலியில் விழுகிற ஓட்டையைத்தான் பொட்டு என்கிறோம். எந்தப் பொட்டுக்குள்ளால் மாடு வந்ததோ, அதே பொட்டுக்குள்ளால்தான் கோபமும் வந்தது. பொட்டை அப்படியே விட்டுவிட்டு மனத்தை மட்டும் ஆற்றினால் அடுத்த காலபோகத்தில் (மாரி நெற்செய்கையில்) மாடு திரும்ப வரும். மனம் ஆறாமல் பொட்டை மட்டும் முள்ளுக்கம்பியால் இழுத்துக் கட்டினால், ஒரு ராத்திரியில் ஆரோ கம்பியை வெட்டிவிடுவார்கள்.

தொடங்க முன்னம் ஒரு எல்லை போட வேண்டும். இங்கே சொல்வது அயலுக்குள் நடக்கிற காயங்களைப் பற்றி. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் வீதியோரம் இருந்து கேட்கிற கேள்வி வேறு. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். பதில் வராமல் "மன்னித்து மறந்துவிடுங்கள்" என்று அந்தத் தாய்மாருக்குச் சொல்ல மூன்றாம் ஆளுக்கு எந்த உரிமையும் இல்லை. மன்னிப்பை ஆராய்ந்தவர்களும் இதில் தெளிவாகத்தான் இருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் றொபேர்ட் என்றைற் வகுத்த நான்கு கட்ட முறையில், முதற் கட்டமே காயத்தையும் கோபத்தையும் வெளியே எடுத்துப் பார்ப்பது. மன்னிப்பது என்ற தீர்மானம் அதற்குப் பிறகுதான் வரும். மன்னிப்பு வேறு, திரும்பச் சேர்ந்துகொள்வது வேறு, நியாயம் கேட்பதைக் கைவிடுவது வேறு என்றும் அவர் பிரித்துக் காட்டுகிறார். ஊர்ப் பெரியாக்கள் இந்த மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதால்தான் பல சமாதானங்கள் ஒரு மாரிகூடத் தாங்குவதில்லை.

மாட்டில் இருந்து தொடங்குவோம். காலபோகத்தில் ஆளை ஆள் பிடிக்க வைப்பதில் அதற்குத்தான் முதலிடம்.

விடியப்புறம் ஐந்தரை. பனி இன்னும் வரம்பில் நிற்கிறது. விதைத்து இருபத்தைந்து நாள் ஆன வயலில் ஒரு மூலை மட்டும் வேறு பச்சையாகத் தெரிகிறது. கிட்டப் போனால், பயிரின் நுனி எல்லாம் ஒரே உயரத்தில் கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி நிற்கிறது. நடுவில் குளம்புக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் தண்ணி நிரம்பி, இரண்டு மூன்று பயிர் வேர் மேலே தெரியத் தலைகீழாக அமுங்கிக் கிடக்கிறது. வேலிப் பக்கம் கிடக்கிற சாணத்தில் இன்னும் ஆவி பறக்கிறது. இந்த இடத்தில் முதலில் ஞாபகம் வருவது கத்தி. முதுகில் வெட்டுத் தழும்போடு திரிகிற மாடுகளை இங்கே எல்லாரும் கண்டிருப்பார்கள்.

கத்தியை வைத்துவிட்டுக் குனிந்து பயிரைப் பாருங்கள். கடிபட்ட பயிர் வேறு, மிதிபட்ட பயிர் வேறு. இளம் நெல்லின் வளர்நுனி நிலத்தை ஒட்டி, அடித்தண்டுக்குள் ஒளிந்திருக்கும். மாடு இலையைத்தான் கடிக்கும், நுனி தப்பிவிடும். மூன்றரை மாத நெல்லில் கதிர் உள்ளே உருவாகத் தொடங்குவது விதைத்து ஏறக்குறைய நாற்பத்தைந்தாம் நாளில். அதற்கு முன் கடிபட்டால், வயலில் தண்ணியும் கொஞ்சம் யூரியாவும் இருக்கிற பட்சத்தில் பயிர் திரும்பத் தழைக்கும். சில நாள் பிந்திக் கதிர் தள்ளும், அவ்வளவுதான். குடலைப் பருவத்தில் கடிபட்டால் உள்ளே இருந்த இளங்கதிரும் சேர்ந்து போயிருக்கும். அந்த மட்டம் (தூரில் இருந்து கிளைத்த தண்டு) இனிக் கதிர் தராது. மிதிபட்டது இன்னொரு கணக்கு. வேர் கிளம்பிச் சேற்றுக்குள் புதைந்தது பிழைக்காது. ஆனால் விதைத்து மூன்று நான்கு கிழமைக்குள் என்றால், அடர்த்தியாக முளைத்த இடத்தில் பிடுங்கி வெற்றிடத்தில் நட்டுவிடலாம்.

ஆகவே அன்று விடியவே சேதத்துக்கு விலை சொல்பவர் ஏதோ ஒரு பக்கம் பிழை விடுவார். இருபத்தைந்தாம் நாள் கடிக்குக் கூடக் கேட்பார். அறுபத்தைந்தாம் நாள் கடிக்குக் குறையக் கேட்பார், ஏனென்றால் பயிர் பச்சையாகத்தானே நிற்கிறது. பத்து நாள் கழிந்தால்தான் எது தழைக்கிறது, எது போனது என்று தெரியும். பார்க்கக் கூப்பிடுவது அன்றைக்கே, போனில் நாலு படம் எடுப்பதும் அன்றைக்கே. கணக்குக் கதைப்பது பத்தாம் நாள். இந்தத் தவணையை நெல்தான் கேட்கிறது. அது மனத்துக்கும் தோதாக அமைந்தது எங்கள் நல்ல காலம்.

யானை வந்து போன வயலுக்கும் இதே சேதம்தான், சில வேளை பத்து மடங்கு. யானையிலும் ஆத்திரம் வரும். ஆனால் யானையோடு மூன்று வருஷம் கதைக்காமல் இருக்கிற ஆள் ஒருவரும் இல்லை. "தெரிஞ்சுகொண்டு விட்டவன்" என்ற ஒரு வரியை மாட்டுக்காரரின் பேரோடு ஒட்டுகிறோம், யானையோடு ஒட்டுவதில்லை. மனம் வைத்துப் பார்ப்பது என்றால் என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு வரியைத் தனியே கழற்றி எடுத்துப் பார்ப்பதுதான்: இது நான் கண்டதா, நானாகச் சேர்த்ததா?

சில வேளை அது உண்மையாகவும் இருக்கும். தெரிந்துகொண்டு விடுகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் மாரியில் ஒரு பட்டி எங்கே நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். வயல் முழுக்க விதைப்பு. குளத்தில் தண்ணி ஏற ஏற அலைகரைப் புல் மூழ்கிவிடும். காட்டுக்குள் விட்டால் ஒதுக்கக் காடு என்று பிரச்சினை. முன்பு மேய்ச்சல் தரவையாகக் கிடந்த இடத்தில் பல ஊர்களில் இப்போது வயல், இல்லாவிட்டால் வீடுகள். ராத்திரி பட்டியில் நிற்கிற மாடு பசியோடு நிற்கும். பசித்த மாடு வேலியைத் தள்ளிப் பார்க்கும். ஒரு கதியால், அதாவது வேலிக்கு நட்ட உயிர்க்கொப்பு, உக்கியிருந்தால் போதும். இதை எழுதுவது மாட்டுக்காரருக்கு வக்காலத்து வாங்க அல்ல. ஆளைப் பகைத்தால் முகம் திருப்புவதைத் தவிர வேறு வேலை இல்லை. புல்லில்லாத நிலைமையைப் பகைத்தால் செய்ய வேலை இருக்கிறது.

அந்த வேலையில் முதலாவது, பயிர்ச்செய்கைக் கூட்டம். காலபோகத்துக்கு முன்னம் நடக்கிற இந்தக் கூட்டத்தில்தான் விதைப்புத் திகதி, வேலி அடைக்கிற கடைசித் திகதி, வயலை விட்டு மாடு அப்புறப்படுத்துகிற திகதி எல்லாம் முடிவாகின்றன. மாட்டுக்காரர் இல்லாத கூட்டத்தில் மாட்டுக்குத் திகதி வைத்தால் அது வாசிகசாலைச் சுவரில் தொங்குகிற கடதாசி. அவரையும் கூட்டிக்கொண்டு போய், "அப்ப மாடு எங்க நிக்கிறது?" என்ற கேள்வியை அவர் வாயாலேயே கேட்க வையுங்கள்.

இரண்டாவது, வைக்கோல். அறுவடை முடிந்ததும் வைக்கோலைக் கொளுத்துகிறோம். நெற்பயிர் நிலத்தில் இருந்து எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. கொளுத்தின சாம்பல் முதல் மழையோடு வாய்க்காலால் போய்விடும். பறக்கிற பொறி அயலவரின் வடலிக்குள் விழுந்து இன்னொரு முப்பது வருஷக் கோபத்தைத் தொடக்கி வைக்கும். அதே வைக்கோலை யூரியா போட்டுப் பதப்படுத்தினால் பட்டிக்குத் தீன். 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, அதைக் கரைக்க 100 லீற்றர் தண்ணி. தரையில் பொலித்தீன் விரித்து, வைக்கோலை அரை அடி அடுக்காகப் பரப்பி, பூவாளியால் தெளித்து, மிதித்து, அடுத்த அடுக்கு. முடிந்ததும் மேலாலும் பொலித்தீன் போட்டு ஓரத்தில் மண் அணைத்து, காற்றுப் புகாமல் இரண்டு மூன்று கிழமை விட வேண்டும். திறக்கும்போது மூக்கைப் பிடுங்குகிற நெடி வரும். வந்தால் வேலை சரி. வராவிட்டால் எங்கோ காற்றுப் போயிருக்கிறது, பூஞ்சணம் பிடித்த பகுதியை எறிந்துவிடுங்கள். தேவையான அளவை எடுத்து சில மணித்தியாலம் காற்றாட விட்டுத்தான் மாட்டுக்கு வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம். கரைத்த வாளியை மாட்டுக்கு எட்டுகிற இடத்தில் வைக்கவே கூடாது. யூரியாத் தண்ணி குடித்த மாடு செத்துப்போகும். அதற்குப் பிறகு மன்னிப்பைப் பற்றிக் கதைக்க இரண்டு வீட்டிலும் ஆள் இருக்காது. வயற்காரர் வைக்கோல் கொடுக்க, மாட்டுக்காரர் எரு கொடுக்க, காசு கைமாறாமல் ஒரு போக்குவரத்துத் தொடங்கும். எருவைப் பச்சையாகப் போடாமல் இரண்டு மூன்று மாதம் மக்க விட்டுப் போட்டால் களை விதை குறையும்.

இனி மனத்தின் பக்கம். சம்மணமிட்டுக் கண்ணை மூடுகிற பயிற்சி வன்னியில் எல்லாருக்கும் ஒத்துவராது. கண்ணை மூடினால் 2009 இறுதிப் போர் வருகிற ஆக்களுக்கு, கண்ணைத் திறந்துகொண்டு நடக்கிற பயிற்சிதான் பாதுகாப்பு. அதற்கு வேலிச் சுற்று நல்லது. கால் ஏக்கர் வளவின் சுற்றளவு ஏறக்குறைய 130 மீற்றர். நின்று நின்று சுற்றினால் பத்து நிமிஷம். வெறுங்காலோடு நடக்கச் சொல்லித் தியான வகுப்புகளில் சொல்லுவார்கள். புடையன் பாம்பு அந்த வகுப்புக்குப் போனதில்லை, செருப்புப் போடுங்கள்.

முதற் பக்கத்தில் மூச்சு மட்டும்: நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. இரண்டாம் பக்கத்தில் பத்துக் கதியாலுக்கு ஒன்றைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். எது இறுக்கம், எது ஆட்டம் என்று கை சொல்லட்டும். பொட்டு விழுந்த இடம் வந்ததும் நில்லுங்கள். நடந்ததை ஆளின் பேர் இல்லாமல், வசவு இல்லாமல், ஒரு வரியில் மனத்துக்குள் சொல்லுங்கள்: "மாடு வந்தது, கால் ஏக்கர் மிதிபட்டது." அந்த வரியைச் சொல்லும்போது உடம்பில் எங்கே இறுகுகிறது என்று பாருங்கள். சிலருக்குத் தாடை, சிலருக்கு வயிறு, சிலருக்கு உள்ளங்கை. "கோபம் இருக்கு" என்று அதற்குப் பேர் வைத்துப் பத்து மூச்சு அங்கேயே நில்லுங்கள். குறைக்க முயல வேண்டாம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலில் கடல் தண்ணியால் விளக்கெரிக்கிறோம். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகியிடம் "கோபப்படாதை அம்மா" என்று ஒருவரும் சொன்னதாகக் கதை இல்லை. பொங்கிப் படைத்துத்தான் அவளைக் குளிர்விக்கிறார்கள். உள்ளே இருப்பதற்கும் அதே மரியாதையைக் கொடுங்கள்.

முதல் நாலைந்து நாள் இவ்வளவும் போதும். அதற்குப் பிறகு மூன்றாம் பக்கத்தில் அந்த மனிதரின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள்: பால் கறக்கிற நேரம், பட்டி திறக்கிற நேரம், புல் தேடிப் போகிற தூரம். நான்காம் பக்கத்தில் இன்றைக்குச் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை, அதுவும் கையால் செய்கிற வேலை. நடுவில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, பழைய காட்சிகள் வந்தால் பயிற்சியை அத்தோடு விடுங்கள். கதியாலைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருளின் பேரை வாய்விட்டுச் சொல்லுங்கள்: வேம்பு, கிணறு, வாளி, படலை, கோழி. இது திரும்பத் திரும்ப வந்து நித்திரையையும் கெடுத்தால் வேலிச் சுற்று போதாது. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

ஒரு அப்பியாசக் கொப்பியும் வேண்டும். ஒரு பக்கத்தை மூன்றாக மடித்து நடந்தது, இழந்தது, நான் சேர்த்தது என்று எழுதுங்கள். முதல் இரண்டும் அயலவரோடு கதைப்பதற்கு. மூன்றாவதைக் கிழித்து அடுப்பில் போட்டாலும் சரி, வைத்திருந்து மாதம் ஒருமுறை பார்த்தாலும் சரி. எவரெற் வேதிங்ரன் என்ற இன்னொரு உளவியலாளர் மன்னிப்பை இரண்டாகப் பிரிக்கிறார்: பழிக்குப் பழி வாங்கமாட்டேன் என்ற தீர்மானம், உள்ளே கசப்பு ஆறுவது. முதலாவது ஒரு பின்னேரத்தில் வந்துவிடும். இரண்டாவது மாதக்கணக்கு. தீர்மானம் வந்த பிறகும் கசக்கிறதே என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது வீண்.

போய்க் கதைக்கிற நேரம் காலை ஒன்பது மணி வாக்கில் நல்லது. கறவை முடிந்து பட்டி திறந்துவிட்டிருப்பார்கள். பட்டி திரும்புகிற பின்னேரமும் குடித்துவிட்டிருக்கிற இரவும் ஆகாது. கூட்டமாகப் போனால் அவர் தன் கூட்டத்தைத் தேடுவார். இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரு ஆள் போதும். "உங்களை மன்னிச்சிட்டன்" என்ற வசனத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். தான் பிழை விட்டதாகவே நினைக்காத ஒருவருக்கு அது புது அடி. எங்கள் ஊர்களில் கோபம் தீர்ந்ததை வாயால் சொல்வது வழக்கமும் இல்லை. ஒரு சட்டி பொங்கல் வேலிக்கு மேலால் போகும், செத்தவீட்டில் பாடை பிடிக்க ஒரு கை வரும். அதிலேயே விளங்கிவிடும்.

கதை இப்படித் தொடங்கலாம்: "அண்ணை, ராத்திரி பட்டி எங்கட வயலுக்க இறங்கிப்போட்டுது. ஒருக்கா வந்து பாருங்கோ." மறுமொழி பெரும்பாலும் இப்படி வரும்: "தம்பி, பொட்டு விழுந்தது உங்கட பக்க வேலியில எல்லோ." அதற்கு எதிர்வாதம் வேண்டாம். "ஓம் அண்ணை, ரெண்டு கதியால் உக்கிப்போச்சு, நான் பாக்காமல் விட்டிட்டன். அதையும் சேர்த்துக் கதைப்பம்." உங்கள் பங்கு இருந்தால் அதை நீங்களே முதலில் மேசையில் வைத்துவிடுவது புத்தி. மற்றவர் அதை எடுத்து வீச வழி இல்லாமல் போகும்.

நட்டம் கேட்பது மன்னிப்புக்கு விரோதம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேட்காமல் விட்ட நட்டம் பத்து வருஷம் கழித்து வேறு பேரில் வரும். சரியாக அளந்து கேளுங்கள். அறுவடை நாளில் சேதப்பட்ட பகுதியில் மூன்று இடத்திலும் நல்ல பகுதியில் மூன்று இடத்திலும் ஒரு மீற்றர் சதுரம் அறுத்து, தனித்தனியாக அடித்து, தூற்றி, நிறுத்துப் பாருங்கள். சராசரி வித்தியாசம் சதுர மீற்றருக்கு 200 கிராம் என்றால், கால் ஏக்கருக்கு ஏறக்குறைய 200 கிலோ நெல். ஈரமாக நிறுத்தால் கணக்குப் பிழைக்கும். இரண்டையும் ஒரே நாளில் காயவிட்டு நிறுங்கள். காசாகவோ நெல்லாகவோ எருவாகவோ தீர்க்கலாம். இது சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சபை அது. சட்டத்தரணி தேவையில்லை, இரண்டு பக்கமும் தங்கள் வாயாலேயே கதைக்கலாம். பொலிசுக்குப் போவதற்கு முன் அங்கே போய்ப் பார்ப்பது நல்லது.

இனி வேலி. நிலத்தைப் பொறுமைக்கு உதாரணம் காட்டுவது எங்கள் பழக்கம். மண்வெட்டி பிடித்தவர்கள் அதை அரைவாசிதான் நம்புவார்கள். வன்னிச் செம்மண் கோடையில் காய்ந்தால் அலவாங்கு துள்ளும், மாரியில் ஊறினால் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். இரண்டுக்கும் நடுவில் நாலைந்து நாள்தான் அது ஆளோடு ஒத்துப்போகும். ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்து விட்டு இரண்டு மூன்று நாளில் கதியால் போட வேண்டும். அதற்குப் பிந்தினால் குழிக்குள் தண்ணி நின்று அடி அழுகும்.

எல்லை 30 மீற்றர் என்றால், ஒன்றரை அடிக்கு ஒன்றாக 67 கதியால். சேதாரத்தோடு 80 என்று வைத்து ஆளுக்கு 40 வெட்டுங்கள். இருவரும் பாதிப் பாதி வெட்டிக்கொண்டு வருவதுதான் இந்த வேலையின் அச்சாணி. ஒருவரே எல்லாம் போட்டால் அது அவருடைய வேலி. மற்றவர் அதைப் பார்த்துக்கொண்டு இருப்பார். கிளிசரியா என்று நாங்கள் சொல்கிற சீமைக்கிளுவை வேகமாகப் பிடிக்கும்; கிளுவை மெதுவாகப் பிடித்து முள்ளோடு கனகாலம் நிற்கும்; பூவரசு நிழலும் தரும். மூன்றையும் கலந்து போடலாம். ஒரு வருஷம் முற்றிய, மணிக்கட்டுப் பருமன் உள்ள கொப்பு, ஆறடி நீளம். அடியையும் தலையையும் சரிவாக வெட்ட வேண்டும். தலை தட்டையாக இருந்தால் மழைத் தண்ணி தேங்கி உள்ளே உக்கும். வெட்டியதை நிழலில் இரண்டு மூன்று நாள் நிமிர்த்தி வைத்துப் பால் உலர விடுங்கள். தலைகீழாக நடுகிற பிழை அடிக்கடி நடக்கும். வெட்டும்போதே அடிப்பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டால் குழப்பம் இல்லை.

அலவாங்கால் ஒன்றரை அடிக் குழி போட்டு, கதியாலை இறக்கி, மண்ணைத் தள்ளிக் காலால் இறுக்குங்கள். மண்வெட்டிப் பிடங்கால் தலையில் அடித்து இறக்காதீர்கள். தலை வெடிக்கும், அடிப்பட்டை உரியும். வேர் வருவது அந்தப் பட்டையில் இருந்துதான். முதல் வருஷம் கம்பி வேண்டாம். குறுக்கே வரிச்சுத் தடி வைத்துக் கயிற்றால் தளர்வாகக் கட்டினால் போதும். கம்பியை ஆணியடித்து இழுத்தால் வாடைக்காற்றில் வேலி முழுக்க ஒன்றாக ஆடி, விடுகிற வேர் எல்லாம் அறும். ஆடு துளிரைக் கடிக்காமல் இருக்கச் சாணத்தைக் கரைத்துத் தெளிப்பார்கள். மழைக்குப் பிறகு திரும்பத் தெளிக்க வேண்டும்.

இரண்டு மூன்று கிழமையில் துளிர் வரும். இங்கேதான் பலர் ஏமாறுவது. கொப்புக்குள் மிச்சமிருந்த சத்தில் வருகிற துளிர் அது. வேர் இன்னும் விட்டிருக்காது. "பிடிச்சிட்டுது" என்று சந்தோஷத்தில் ஆட்டிப் பார்த்தால் அத்தோடு சரி. சில துளிர்கள் தை மாதம் வாடி விழும். அந்தக் கதியாலுக்கு வேர் வரவில்லை என்று அர்த்தம். சமாதானம் கதைத்து ஒரு மாதத்தில் ஆக்களை இழுத்துச் சோதித்துப் பார்க்கிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

முதல் குழை (இலையோடு கூடிய கொப்பு) வெட்டு ஒரு வருஷம் கழித்து. பிறகு வருஷத்துக்கு இரண்டு மூன்று தரம் வெட்டலாம். 100 கிலோ பச்சைச் சீமைக்கிளுவைக் குழையில் ஏறக்குறைய முக்கால் கிலோ நைதரசன் இருக்கிறது, ஒன்றரைக் கிலோ யூரியாவுக்குச் சமம். 2021 இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது வேலி வைத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரிந்தது. எந்தப் பக்கம் சாய்ந்த குழை எந்தப் பக்கத்துக்கு என்று கொப்புக் கொப்பாகப் பிரிக்காமல், ஒரு வெட்டு உங்களுக்கு, அடுத்த வெட்டு அவருக்கு என்று முறை வையுங்கள்.

குழி போடும்போது, போர்க்கால வெடிபொருள் பற்றி ஒரு எச்சரிக்கை. மீள்குடியேறிய பிறகும் ஆள் நடமாடாமல் கிடந்த மூலைகளில் எல்லை வெட்டினால் முதலில் மேலால் பார்த்துத் துப்புரவாக்குங்கள்; பற்றையைக் கொளுத்த வேண்டாம். அலவாங்கில் இரும்புச் சத்தம் கேட்டால் அந்த இடத்தில் நிறுத்தி, வந்த வழியாலேயே திரும்பி, 119 என்ற பொலிஸ் அவசர இலக்கத்துக்கு எடுங்கள்.

எல்லைக் கோட்டில் பனை நட வேண்டாம். புரட்டாசியில் பனம்விதை பொறுக்கிப் புதைப்பது அருமையான வேலை. ஆனால் பாளை விடப் பன்னிரண்டு பதினைந்து வருஷம் ஆகும், அப்போதுதான் ஆண் பனையோ பெண் பனையோ என்று தெரியும். அது சரியாக உங்கள் பிள்ளைகள் காணி பிரிக்கிற காலம். அவரவர் பக்கம் மூன்றடி உள்ளே தள்ளி, பத்தடிக்கு ஒன்றாகப் புதைத்தால் நுங்கு ஆருடையது என்ற கேள்வி எழாது. குளக்கட்டிலும் மரம் நட வேண்டாம். வேர் கட்டைத் துளைத்து, மரம் பட்டு வேர் உக்கியதும் அந்த வழியால் தண்ணி கசியும். மருதும் நாவலும் அலைகரைப் பக்கம், மேலே இருந்து தண்ணி வந்து விழுகிற இடத்தில் நின்றால் வண்டலைத் தடுக்கும்.

மருந்தைப் பற்றி இரண்டு வரி. வயலில் அகன்ற இலைக் களைக்கு அடிக்கிற எம்சிபிஏ காற்றில் அயல் தோட்டத்துக்குப் போனால் மிளகாய், பப்பாசி, தக்காளி இலைகள் சில நாளில் முறுகிச் சுருளும். விடிய, காற்று எழ முன்னம், குழாய் நுனியைப் பயிருக்குக் கிட்டப் பிடித்து அடியுங்கள். அடிக்கிற நாளை முதல் நாளே அயலுக்குச் சொல்லுங்கள்.

கதியால் போட்டு முடிகிற அன்று, பழைய பொட்டு இருந்த அதே இடத்தில் ஆள் கடக்க ஒரு கடப்பு விடுங்கள். அந்த இடத்தால்தான் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் முன்பு போய் வந்திருப்பார்கள். அடைத்தால் திரும்பப் பொட்டு விழப் போவதும் அங்கேதான். கவர் (இரண்டாகப் பிரிகிற கிளை) உள்ள தடித்த பூவரசங் கதியால் ஒன்று வேண்டும். கவர் நிலத்தில் இருந்து ஒன்றரை அடியில் தொடங்கி, மேலே ஒன்றரை அடி விரிந்திருக்க வேண்டும். ஆள் ஒரு பக்கம் திரும்பிக் காலைத் தூக்கி வைத்துக் கடக்கலாம். மாட்டின் நெஞ்சு கவருக்குள் அடங்காது. வயதான அம்மாமாருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு தட்டைக் கல் வையுங்கள். ஆட்டுக்கு மட்டும் இது ஒரு தடையே இல்லை. ஆடு வளர்க்கிற வீடு என்றால் பொழுதுபட கவருக்குக் குறுக்கே ஒரு தடி செருக வேண்டும். அந்தத் தடியை எந்தப் பக்கத்து ஆள் செருகுவது என்பதையும் அன்றைக்கே கதைத்து வைத்துவிடுங்கள்.